பார்க்காத பெண்களுக்குத் தைத்த ரவிக்கைகள்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கல்யாணத்துக்கு ஆட்கள் வந்து வீடு நிறையுமுன் இதை எழுதி முடித்துவிட வேண்டும் என்று இன்று மத்தியானமே மெஷினை மூடிவிட்டு உட்கார்ந்தேன். அப்பா வெளியே லொறியைக் கழுவிக்கொண்டிருக்கிறார். நீர்கொழும்புக்குப் பொண்ணு வீட்டுக்குப் போவது வேனில், தேயிலை லொறியில் இல்லை என்று எத்தனை தரம் சொன்னாலும் அவருக்குக் கை சும்மா இருக்காது. இதையெல்லாம் நேரில் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் என் குரல் கொஞ்சம் இறங்கினாலே நீ "சரிம்மா, சரிம்மா" என்று செருப்பைத் தேடுகிற ஆள். உன்னைப் பிடித்து உட்கார வைத்துப் பேச என்னால் ஆகாது. நீ வந்ததும் இதைக் கையில் தருகிறேன். தனியாக இருக்கும்போது படி. உனக்கு நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். கூடவே உன்னைக் கேட்காமல் நான் செய்துவிட்ட ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீ பிறந்தது லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில். அப்பா தோட்டத்து லொறி ஓட்டினார். ஃபெக்டரியில் கட்டிய தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புக்கு ஏற்றிப்போவார், வரும்போது உரமோ அரிசியோ கொண்டுவருவார். நான் கொழுந்து எடுக்கப் போய்க்கொண்டே தோட்டத்தில் நடந்த தையல் வகுப்பில் படித்தேன். பிறகு தோட்டத்து வேலை போதும் என்று பெயரைப் பெரட்டிலிருந்து வெட்டிக்கொண்டு, பதுளை பஜாரில் ஒரு புடைவைக் கடையின் பின்பக்கத்து அறையில் மெஷின் போட்டேன். அதற்காகத்தான் நாம் லயத்தை விட்டுப் பதுளைக்கு வந்தோம். பள்ளிக்கூடம் விட்டு நீ நேராகக் கடைக்கு வந்துவிடுவாய். என் காலடியில் உட்கார்ந்து கொக்கி தைப்பாய், ஓரம் மடித்துக் கைத்தையல் போடுவாய். பெரிய வகுப்புக்குப் போனதும் கூடப் படித்தவர்கள் கேலி செய்தார்கள் என்று ஊசியைத் தொடுவதை விட்டுவிட்டாய். நானும் வற்புறுத்தவில்லை. படிக்கிற பிள்ளை படிக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

பரமேஸ்வரி டீச்சரை உனக்கு ஞாபகம் இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து பதுளையிலேயே தங்கிவிட்டவர். என்னிடம்தான் தைப்பார். அவருடைய மகளுக்குக் கனடாவில் கல்யாணம் நிச்சயமானபோது ஒரு நாள் பட்டுத்துணியோடு வந்தார். "பிள்ளை, அவள் உம்மட தையல்தான் வேணும் எண்டு நிக்கிறாள். அங்க ஒருத்தருக்கும் கழுத்து வெட்டத் தெரியாதாம்" என்றார். மகளின் பழைய ரவிக்கை ஒன்றை வைத்து அளவு பார்த்து, என் கையில் இருந்த வித்தையெல்லாம் காட்டித் தைத்தேன். டீச்சர் அதைத் தபாலில் அனுப்பினார். அது எந்தக் கப்பலில் ஏறியதோ, எந்தத் துறைமுகத்தில் கிடந்ததோ தெரியாது. கல்யாணம் முடிந்து, பொண்ணு மாப்பிள்ளை விருந்தெல்லாம் முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தது. டீச்சர் என்னைக் குறை சொல்லவில்லை. "உம்மில ஒரு பிழையும் இல்லை, அவள் இன்னொரு நாளைக்கு உடுத்துவாள்" என்றுதான் சொன்னார். எனக்கோ வேலையே ஓடவில்லை. கல்யாண ரவிக்கைக்கு ஒரு நாள்தானே தம்பி. அந்த நாளுக்குப் போகாவிட்டால் எவ்வளவு நன்றாகத் தைத்து என்ன?

நீ ஏ.எல். முடித்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், காசு கொடுத்து போன் பேசுகிற கொமியூனிகேஷன் கடையில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பதுளையில் இன்டர்நெட் என்ற சொல்லே புதிது. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிறவர்கள் அங்கே வந்து உன்னிடம் சொல்ல, நீ கொம்பியூட்டரில் அடித்து அனுப்புவாய். ஒரு நாள் யாரிடமோ கமெரா இரவல் வாங்கி வந்து, நான் தைத்து மாட்டியிருந்த ரவிக்கைகளை ஒவ்வொன்றாகச் சுவரில் தொங்கவிட்டுப் படம் எடுத்தாய். "இது எதுக்கு தம்பி?" என்றேன். "இதப் போட்டு ஒரு பக்கம் செய்யப் போறேன்மா. எந்த நாட்டுல இருந்தும் பார்க்கலாம். பிடிச்சா அவங்க அளவு எழுதி அனுப்புவாங்க. நாம தைச்சு பிளேன்ல போடுவோம்" என்றாய். நான் சிரித்தேன். "துணியத் தொட்டுப் பார்க்காம, என்னையும் பார்க்காம, யாரு தம்பி ஜாக்கெட் தைக்கக் குடுப்பா?" அப்பாதான், சோற்றைப் பிசைந்துகொண்டே, "தேயிலையும் அப்படித்தான் போகுது. குடிக்கிறவன் யாரு நம்ம தோட்டத்தப் பார்த்தான்?" என்றார். அவர் அதிகம் பேச மாட்டார். அன்று பேசியது உனக்குப் போதுமாக இருந்தது.

டீச்சரின் மகள் டொரொண்டோவில் தன் சிநேகிதிகளுக்குச் சொல்லி வைத்தாள். முதல் ஓர்டர் ஜெர்மனியிலிருந்து வந்தது. நீ அச்சடித்துக் கொண்டுவந்த அளவைப் பார்த்து நான் நெஞ்சில் கை வைத்துவிட்டேன். "தம்பி, இந்தப் பொம்பளைக்கு இடுப்பு இவ்வளவா? துணி எங்க காணும்?" நீயும் தலையைச் சொறிந்தாய். அவர்கள் சென்டிமீட்டரில் எழுதியிருக்கிறார்கள் என்று நமக்கு உறைக்கும்வரை, அந்தப் பெண்ணை நினைத்து நான் பட்ட கவலை கொஞ்சமில்லை. பிறகு அதையே பேசிப் பேசிச் சிரித்தோம். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படிச் சிரித்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிறகு வந்த மாற்றம் எனக்கு இன்றும் ஆச்சரியம். பாரிஸ், லண்டன், ஒஸ்லோ என்று ஊர்ப் பெயர்கள் நம் அறைக்குள் வந்தன. ஆவணி, தை மாதக் கல்யாணங்களுக்கு முன்பு நிற்க நேரமில்லை. தோட்டத்திலிருந்து இரண்டு பெண்களைக் கூப்பிட்டு மெஷின் போட்டுக் கொடுத்தேன். அவர்கள் தைத்ததும் கடல் தாண்டிப் போனது. பார்சலை அப்பா கொழும்புக்குக் கொண்டுபோவார். அங்கே விமானத்தில் சரக்கு அனுப்பும் ஏஜென்ட்டின் ஆள் வாங்கிக்கொள்வான். அந்த ஏஜென்ட்டின் கட்டுநாயக்கா விமான நிலையத்து ஒபிசில் போன் எடுக்கிற பிள்ளைதான் நிரோஷா. சிங்களப் பிள்ளை. தமிழ் பேச ஆசைப்பட்டு, தெரிந்த மட்டும் பேசுவாள். நீ இல்லாத நேரம் நான் போன் எடுத்தால், "அம்மா, இன்னக்கி பெட்டி எத்தன கிலோ?" என்று தொடங்குவாள். ஒரு தரம் நான் அவளிடம், நம்ம ஜாக்கெட்டுக்கு என்று தனியாக பிளேன் போகுதா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. "இல்ல அம்மா. மேல ஆள்கள் இருக்கும். கீழ பிளேன் வயித்துல நம்ம பெட்டி. பக்கத்துல மீன் இருக்கும், மரக்கறி இருக்கும், பூ இருக்கும். எல்லாம் அவசரமான சாமான்" என்றாள். எனக்கு அது பிடித்திருந்தது. வாடிப்போகிற பூவையும் கெட்டுப்போகிற மீனையும் போலத்தான் கல்யாண ரவிக்கையும். நாளைக்கு என்றால் ஆகாது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். நீ பேச விரும்பாத நாள் என்று தெரியும். ஆனாலும் என் பக்கத்தில் நடந்தது உனக்குத் தெரியாது. உன் பக்கத்தில் நடந்தது எனக்குப் போன மாதம்வரை தெரியாது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும்.

அது சண்டை நடந்த காலம், ஆகாயத்திலிருந்து குண்டு விழும் என்று கட்டுநாயக்காவில் இரவு விமானங்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். போகிற விமானம் குறைந்து, சரக்கெல்லாம் தேங்கி, இடம் கிடைப்பதே பெரிய பாடாக இருந்தது. டொரொண்டோவில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம். சிவப்புப் பட்டு, முதுகில் மணி வேலை, உள்ளே மெல்லிய பருத்தி லைனிங். அவள் அம்மா இல்லாத பிள்ளை என்று டீச்சரின் மகள் எழுதியிருந்தாள். அவளுடைய அம்மாவின் கூறைச் சேலையில் முந்தானைப் பக்கம் வெட்டிய துண்டைத்தான் தைக்க அனுப்பியிருந்தார்கள். அந்தத் துணி போனால் வேறு துணி இல்லை. மழையில் ஹல்துமுல்லைப் பக்கம் மண் சரிந்து ரோட்டு அடைபட்டு, அப்பாவின் லொறி அங்கேயே நின்றுவிட்டது. நீ, "நான் ரயில்ல கொண்டு போறேன்மா" என்றாய். எனக்கு விருப்பமில்லை. அந்த நாட்களில் தோட்டத்து விலாசம் போட்ட அடையாள அட்டையோடு நம் பையன்கள் கொழும்புப் பக்கம் போனால் சந்தேகத்தில் பிடித்து அடைப்பார்கள் என்று யாருக்குத்தான் தெரியாது. "அந்தப் பொண்ணு பாத்துக்கிட்டு இருப்பாம்மா" என்று நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டாய். நான் ஸ்டேஷன்வரை வந்தேன். ரயில் ஹாலிஎலப் பக்கம் திரும்பி மறையும்வரை நின்றேன்.

மறுநாள் மத்தியானத்துக்குச் சற்று முன் கடை போன் அடித்தது. நிரோஷா. "அம்மா, பயப்பட வேணாம்" என்று தொடங்கினாள். அப்படித் தொடங்கினால் யார்தான் பயப்படாமல் இருப்பார்கள்? மெஷினைப் பிடித்துக்கொண்டேன். "உங்க மகன் குமாரை இங்க வார பஸ்ல இருந்து இறக்கிட்டாங்க. பொலிஸ்ல வச்சிருக்காங்க. நான் இப்ப அங்கதான் இருக்கு. அவரை நான் பார்த்தேன். அடிக்கல்ல. தண்ணி குடிச்சாரு." அவள் ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி வைத்தாள். நீ வரவில்லையே என்று ஒபிசிலிருந்து உன் போனுக்கு அடித்திருக்கிறாள். யாரோ பொலிஸ்காரர் எடுத்திருக்கிறார். எந்த நிலையம் என்று கேட்டுக்கொண்டு, வேலையைப் பாதியில் விட்டு, பஸ் ஏறிப் போயிருக்கிறாள். அதுவரை அவள் உன் முகத்தைப் பார்த்ததே இல்லை. போனில் குரல் மட்டும்தான்.

பொறுப்பதிகாரிக்கு ஒரே ஒரு சந்தேகம்தானாம். பதுளையில் இருக்கிறவர்கள் கனடாவில் இருக்கிற பெண்ணுக்கு, ஆளைப் பார்க்காமல், அளவு நாடா வைக்காமல் எப்படி உடுப்புத் தைப்பார்கள்? கொம்பியூட்டரில் கடை என்றால் அந்தக் கடை எங்கே இருக்கிறது? பொய் சொல்லுகிறான் என்றே நினைத்திருக்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. முதலில் நானே நம்பாத கதைதானே அது. நிரோஷா போனை அவரிடம் கொடுத்தாள். அவர் சிங்களத்தில், இந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்டார். எனக்குக் கடைத்தெருச் சிங்களம்தான் தெரியும். கல்யாண ஜாக்கெட், சிவப்பு, முதுகில் மணி என்றேன். யாருடைய துணி என்று கேட்டார். செத்துப்போன அம்மாவின் சேலை என்பதற்குச் சிங்களச் சொல் எனக்கு வரவில்லை. நிரோஷா பக்கத்திலிருந்து அதைச் சொல்லிக் கொடுப்பது கேட்டது. பிறகு அவர், "சரி அம்மா" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகும் விடவில்லை. உள்ளூர் ஆள் ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும் என்றார்களாம். நிரோஷா தன் அடையாள அட்டையைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டாள். "இவன் உனக்கு யார்?" என்று கேட்டிருக்கிறார்கள். "எங்கள் வாடிக்கையாளர்" என்றாளாம். ஒரு வாடிக்கையாளருக்காக யாராவது அந்தக் காலத்தில் அப்படிக் கையெழுத்துப் போடுவார்களா தம்பி? சொந்தக்காரர்களே ஒதுங்கிப்போன நாட்கள் அவை.

சாயங்காலம் நீ போன் எடுத்து, "பெட்டி போயிருச்சும்மா. நான் நல்லா இருக்கேன்" என்றாய். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தும் அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. குளித்தாய், சாப்பிட்டாய், படுத்தாய். மண் சரிவைத் தாண்டி வந்த அப்பா உன் பக்கத்தில் பாயைப் போட்டுக்கொண்டு படுத்தார். ஒரு வாரம் கழித்து டொரொண்டோவிலிருந்து கல்யாணப் படம் வந்தது. நீ அச்சடித்துக் கொண்டுவந்தாய். அந்தப் பெண் மணவறையில் திரும்பி நின்று யாரையோ பார்த்துச் சிரிக்கிறாள். முதுகு வேலை அழகாகத் தெரிந்தது. "கழுத்து நல்லா உக்காந்திருக்கு" என்றேன். நீ, "ஆமாம்மா" என்றாய். உன் முகத்தில் என்னவோ இருந்தது. களைப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

போன மாதம் நிரோஷாவும் அவளுடைய அம்மாவும் உங்கள் கல்யாணத்துக்கு ரவிக்கை தைக்கப் பதுளைக்கு வந்தார்களே, அன்று நீ ரயிலுக்கு டிக்கட் எடுக்கப் போயிருந்தாய். நான் அளவெடுத்து எழுதிக்கொண்டே, லைனிங் மெல்லியதாகப் போடட்டுமா என்று கேட்டேன். "குமார் தைச்ச மாதிரியா அம்மா?" என்று சிரித்தாள். எனக்கு விளங்கவில்லை. "குமார் எங்க தைச்சான்?" என்றேன். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அவரு சொல்லல்லயா?" பிறகு சொல்லாமல் தப்ப முடியவில்லை.

பொலிசில் பெட்டியைச் சோதித்தபோது ரவிக்கையின் உள் லைனிங்கைக் கீறிப் பார்த்திருக்கிறார்கள். மணி வேலைக்குப் பின்னால் என்ன ஒளித்து வைத்திருக்கிறது என்று பார்க்க. பட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் லைனிங் முதுகு நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்ததாம். நிரோஷாவின் ஒபிசுக்கு வந்ததும் நீ அதை எடுத்து விரித்துப் பார்த்தாயாம். விமானத்துக்குச் சரக்கு ஏற்பதை மூடுகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள், "திருப்பிக் கொண்டு போங்க, அடுத்த பிளேனுக்குப் பார்க்கலாம்" என்றாள். நீ, "அடுத்த பிளேன் போறதுக்குள்ள கல்யாணம் முடிஞ்சிரும். ஊசி இருக்கா?" என்று கேட்டாய். ஒபிசில் கணக்கு எழுதுகிற அம்மாவின் கைப்பையில் ஊசி இருந்தது. நூல் கறுப்பு. அது ஆகாது என்று, நான் எந்த உடுப்போடும் சேர்த்து வைக்கிற மிச்சத் துணித்துண்டை எடுத்து, அதன் ஓரத்திலிருந்து இழை இழையாக நூலை உருவியிருக்கிறாய். தராசுக்குப் பின்னால் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து தைத்தாய். நிரோஷா துணி தரையில் படாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். மேலாளர் இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போய், மூடுகிறவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருக்கிறார்.

"அவரு கை நடுங்கல்ல அம்மா" என்றாள் நிரோஷா. "காலையில இருந்து பொலிஸ்ல நின்ன ஆளு. ஒன்னும் சாப்பிடல்ல. ஆனா தையல் சின்னச் சின்னதா, ஒரே மாதிரி. முடிச்சப்புறம்தான் கை நடுங்கிச்சு. நான் பால் இல்லாத பிளேன்டீ குடுத்தேன், கொட்டிட்டாரு." இதைச் சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. அன்றைக்குத்தான் உன்னை அவளுக்குப் பிடித்துப்போனது என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. எனக்குப் பார்த்தாலே தெரிந்தது.

நீ ஏன் சொல்லவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். சொல்லியிருந்தால் மறுநாளே நான் மெஷினை மூடியிருப்பேன். பார்சலும் வேண்டாம், கனடாவும் வேண்டாம், பள்ளிக்கூட யூனிபோர்ம் தைத்தே பிழைத்துக்கொள்வோம் என்று உன்னைப் பதுளையை விட்டு அசைய விட்டிருக்க மாட்டேன். அந்த இரண்டு பெண்களும் மறுபடி மலையேறிக் கொழுந்துக் கூடையை மாட்டியிருப்பார்கள். நீ அதையெல்லாம் நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டாய். தைப்பது பொம்பளை வேலை என்று கேலி பட்ட பிள்ளை, அத்தனை பேர் நடந்து போகிற இடத்தில் உட்கார்ந்து, முகம் தெரியாத ஒரு பெண்ணின் கல்யாணத்துக்காகத் தைத்திருக்கிறாய். அதற்குத்தான் நன்றி தம்பி. என் பெயரில் போன உடுப்பைக் குறையோடு போக விடவில்லை. அந்தத் தாயில்லாப் பிள்ளையை அதே துணியில் மணவறையில் நிற்க வைத்தாய். அப்பாவிடம் அன்றே சொன்னேன். அவர், "எனக்கு ரோட்டுல மண்ணு விழுந்தது நல்லதுக்குத்தான்" என்றார். பிறகு முகம் கழுவப் போய்விட்டார்.

நீ இனி நீர்கொழும்பில் இருக்கப் போகிறாய். நம் ரவிக்கைகளோடு இன்னும் பல பேருடைய சாமான்களையும் சேர்த்து இன்டர்நெட்டில் விற்று, விமானத்தில் அனுப்பப் போவதாகச் சொல்கிறாய். எனக்குச் சந்தோஷம்தான். இரண்டொரு விஷயம் சொல்கிறேன், தாய் சொல்லுகிற வழக்கமான புத்திமதி என்று தள்ளாதே. உன் பக்கத்தைப் பார்த்து ஓர்டர் கொடுக்கிறவர்களுக்கு நீ வெறும் எழுத்துத்தான். உன் முகமும் தெரியாது, என் கையும் தெரியாது. ஆனாலும் நம்புகிறார்கள். முடியாத நாளை முடியும் என்று ஒருபோதும் எழுதாதே. பிந்தினால் பிந்தும் என்று முதலிலேயே சொல். பிளேன்மேல் பழி போடாதே. டீச்சரின் மகளுடைய பார்சல் பிந்திப்போன நாளில் எனக்கு இருந்த வேதனை, தைக்கிறவர்கள் எல்லாருக்கும் இருக்கும். அதை உன்னிடம் பொருள் கொடுக்கிறவர்களுக்கு வர விடாதே. வேலை எவ்வளவு இருந்தாலும் சாப்பாட்டு நேரத்தில் கொம்பியூட்டரை மூடு. நிரோஷாவின் தமிழைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்கும்போது நீ சேர்ந்து சிரிக்காதே. அந்தத் தமிழ்தான் அன்று போனில் என்னை விழாமல் பிடித்தது. நீயும் சிங்களத்தை எழுத, வாசிக்க ஒழுங்காகப் படி. அவள் வீட்டுப் பெரியவர்கள் பேசும்போது பாதி விளங்கி, பாதி விளங்காமல் தலையாட்டிக்கொண்டு இருக்காதே.

இப்போது, உன்னைக் கேட்காமல் நான் செய்தது. அன்று நிரோஷா குழாயடிக்கு எழுந்து போன நேரம் அவளுடைய அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் துணியைத் தடவிக்கொண்டு இருந்தார். பிறகு சிங்களத்தில், மெதுவாக, எனக்கு விளங்க வேண்டும் என்று நிறுத்தி நிறுத்திப் பேசினார். "அக்கே, உங்கள் மகன் நல்லவன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சண்டை முடிந்துவிட்டது என்கிறார்கள். ஆனால் எங்கள் தெருவில் சனங்கள் பேசுகிறார்கள். தமிழனைக் கட்டியவள் என்று நாளைக்கு இவளை யாராவது ஒதுக்கினால், ஏதாவது பிரச்சினை என்று வந்தால், இவள் பக்கத்தில் யார் நிற்பார்கள்?" அவர் கோபமாகக் கேட்கவில்லை. பெற்றவளுடைய பயத்தில் கேட்டார். அந்தப் பயம் எனக்குப் புதிதில்லை. ஸ்டேஷனில் உன்னை ரயிலேற்றிவிட்டு நான் நின்றதும் அதே பயத்தோடுதான்.

எனக்குத் தெரிந்த கடைத்தெருச் சிங்களத்தில்தான் பதில் சொன்னேன். "உங்கள் மகள், முகம் பார்க்காத என் மகனுக்காக யாரையும் கேட்காமல் பொலிசுக்குள்ளே போனாள். கையெழுத்துப் போட்டாள். அவளுக்கு ஒன்று என்றால் என் மகனும் அப்படியே போவான். எந்த இடமாக இருந்தாலும், யார் முன்னால் நிற்க வேண்டியிருந்தாலும், போவான். யாரையும் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டான்." சொற்கள் முன்பின்னாக வந்திருக்கும். ஆனால் அவருக்கு விளங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார். நிரோஷா திரும்பி வரும்வரை விடவில்லை.

அந்த வாக்கு என் வாயிலிருந்து வந்தது. நடத்த வேண்டியவன் நீ.

அன்புடன்,
அம்மா
பதுளை